பதினைந்து வாய்க்கு ஒரு டப்பா

மூடியைத் திறந்ததும் முதலில் வந்தது வாடைதான். அழுகல் என்று சொல்லிவிட முடியாது, அழுகலுக்காவது ஒரு நேர்மை உண்டு. இது புதினா வாசனை போட்டு மூடி வைத்த பழைய எச்சில். ஒரு காலத்தில் ஐஸ்கிரீம் இருந்த இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் டப்பா அது. உள்ளே பாதியளவுக்கு இளஞ்சிவப்புத் தண்ணீர். அந்தத் தண்ணீருக்குள் ஒன்பது பல் கவசங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. கறுப்பு, நீலம், முன்பு வெள்ளையாக இருந்து இப்போது என்னவோ ஆகிவிட்ட ஒரு நிறம். ஒன்றின் விளிம்பில் புல் ஒட்டியிருந்தது. இன்னொன்றின் குழிக்குள் சூயிங்கம். மேலே ஆறிப்போன பாலில் படிவது போல ஓர் ஆடை. ஹாக்கி மட்டையைக் கக்கத்தில் இடுக்கியபடி ஒரு பெண் வந்தாள், அந்த ஆடைக்குள் கையை விட்டாள், கைக்குக் கிடைத்ததை எடுத்து இரண்டு உதறு உதறி வாயில் போட்டுக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினாள். விரலிலிருந்து தண்ணீர் வரை நூல் போல ஒன்று நீண்டு, நிதானமாக அறுந்தது. பார்த்துக்கொண்டிருந்த நர்ஸம்மாவுக்குக் காலையில் குடித்த டீ தொண்டை வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

அவள் நர்ஸ் இல்லை. பல் கிளினிக்கில் டாக்டரம்மாவுக்குக் கைக்கு உதவியாக நிற்கிறவள். விளக்கைத் திருப்புவது, எச்சில் உறிஞ்சும் குழாயை வாயோரம் பிடிப்பது, சாயங்காலம் அந்தக் குழாய் போய் முடிகிற ஜாடியைக் கழுவுவது. பன்னிரண்டு வருஷமாக இதுதான் வேலை. வெள்ளைக் கோட்டோடு மகளைக் கூட்டிப்போக ஒரு நாள் மைதானத்துக்கு வந்தவளைப் பிள்ளைகள் நர்ஸம்மா என்று கூப்பிட்டார்கள், அதுவே நின்றுவிட்டது. வேலையில் சேர்ந்தபோது எல்லோரும் பழகிவிடும் என்றார்கள். எங்கே பழகிற்று? இன்றைக்கும் கைக்கு இரண்டு உறை போட்டால்தான் அவளுக்கு மூச்சு வரும். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்தவர் கொட்டாவி விட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வீட்டில் ஒருவர் குடித்த டம்ளரை இன்னொருவர் தொட்டால் அன்றைக்குக் கச்சேரிதான். கணவன் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் ‘ச்சீ மகாராணி’. அப்படிப்பட்ட மகாராணியின் ஒரே மகள் ஆறு மாதமாக இந்த டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். மறந்துவிட்டுப் போன முழங்கால் பட்டையைக் கொடுக்க இன்று வந்திருக்காவிட்டால் இது தெரிந்தே இருக்காது.

"என்ன நர்ஸம்மா, அப்படிப் பாக்குறீங்க?" கோச் சிரித்துக்கொண்டே வந்தார். கழுத்தில் விசில், கையில் ஆரஞ்சு நிறத் தண்ணீர் நிரம்பிய பெரிய பாட்டில். பதினைந்து பிள்ளைகளும் மாறி மாறி வாய் வைத்துக் குடிக்கிற பாட்டில் அது. சர்க்கரையும் புளிப்புமாக எதையோ கரைத்து மணிக்கு நாலு தரம் கொடுப்பார். அதன் வேலையை நர்ஸம்மா பிள்ளைகள் சிரிக்கும்போதே பார்த்துவிட்டாள். ஈறு ஓரத்தில் காவிக் கோடுகள். பதினாலு வயதில் முன்பல்லில் சொத்தை.

"இது... எல்லாருக்கும் பொதுவா சார்?"

"ஆமாம்மா. ஒரே டப்பா, ஒரே டீம்! என் மட்டை, என் பல்லு கார்டு, என் பாட்டில்னு ஆரம்பிச்சா அப்புறம் பந்தைப் பாஸ் பண்ணவே மாட்டாளுக. நான் விளையாடுன காலத்துலயும் இப்படித்தான். மருந்துத் தண்ணியிலதானே கிடக்கு?" சொல்லும்போதே வெளியே வந்த ஒருத்தியின் வாயிலிருந்த கவசத்தை வாங்கினார், தன் டிராக் பேண்ட்டில் தொடையோடு ஒரு தேய் தேய்த்தார், உள்ளே போக நின்றவளின் கையில் கொடுத்தார். அவளும் வாங்கிப் போட்டுக்கொண்டாள். அந்தப் பேண்ட்டைத் துவைத்து எத்தனை நாளாயிற்றோ, அந்தக் கடவுளுக்கே வெளிச்சம். நர்ஸம்மா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

அன்று மகள் வீட்டுக்கு வந்ததும் விளக்கடியில் உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொன்னாள். உதட்டுக்கு உள்பக்கம் இரண்டு புண். ஈறு சிவந்திருந்தது.

"நாளைக்கே வந்து அந்தாளைக் கேக்குறேன். மனுஷன் பண்ற வேலையா இது? ச்சீ! ஆடு மாடு கூட அதது தொட்டியில வாய் வைக்கும்."

"அம்மா, தயவுசெஞ்சு கேக்காதேம்மா." மகள் கை இரண்டையும் பிடித்துக்கொண்டாள். "போன வருஷம் கோல்கீப்பர் அக்காவோட அப்பா பாட்டிலப் பத்திக் கேட்டாரு. சீசன் முழுக்க அவளை பெஞ்சுல உக்கார வச்சிட்டாரு சார். அடுத்த சனிக்கிழமை மேட்ச்சைப் பாக்க மாவட்ட டீமுக்கு ஆள் எடுக்குறவங்க வர்றாங்கம்மா. அது வரைக்கும் வாயத் தொறக்காதே, ப்ளீஸ்."

"அட, விடும்மா மகாராணி," என்றான் கணவன் நாற்காலியிலிருந்து. "எச்சில் பட்டா புள்ளை செத்துடுமா? எதிர்ப்பு சக்தி வரும்."

"உங்களுக்கு வந்த சக்தி போதும். ராத்திரி பல்லு விளக்காம படுக்கிற ஆளு நீங்க." அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மகளின் முன்பற்கள் நல்ல பற்கள். வரிசையாக, ஒரு இடைவெளி இல்லாமல், கிளினிக்கில் மாட்டியிருக்கும் படத்திலிருப்பதைப் போன்ற பற்கள். பால்பல் விழுந்த நாளிலிருந்து காவல் காத்து வளர்த்தது. அந்தப் பற்கள் அந்தத் தண்ணீரில் முங்கி எழுவதை நினைத்தாலே பொறுக்கவில்லை. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து அழுகிற மகளை நினைத்தால் அதுவும் பொறுக்கவில்லை. கடைசியில் அவள் எடுத்த முடிவு, நம்மில் முக்கால்வாசிப் பேர் எடுக்கிற முடிவுதான். ஊர் எப்படியோ போகட்டும், நம் பிள்ளையை நாம் பார்த்துக்கொள்வோம்.

மறுநாள் மத்தியான இடைவேளையில் மகளைக் கிளினிக்குக்கு வரச் சொன்னாள். டாக்டரம்மா சாப்பிடப் போன நேரம். அச்செடுக்கிற பவுடரைத் தண்ணீரில் குழைத்துத் தட்டில் போட்டு மேல்வரிசையில் அழுத்தினாள். மகள் ஓங்கரித்தாள், கண்ணில் நீர் வழிந்தது. "மூக்கால மூச்சு விடு, இன்னும் ஒரு நிமிஷம், அவ்வளவுதான்" என்று கன்னத்தைத் தடவிக்கொடுத்தாள் நர்ஸம்மா. உலகத்திலேயே அவள் உறை போடாமல் தொடக்கூடிய வாய் அது ஒன்றுதான். அச்சில் சாந்து ஊற்றிக் காயவைத்து, அதன்மேல் சூடான பிளாஸ்டிக் ஷீட்டை இழுத்து ஒட்டவைக்கிற மெஷினில் வைத்தாள். இருந்த ஷீட் ஒன்றே ஒன்று, நல்ல ஊதா நிறம். ஓரங்களைச் சீவி, தேய்த்து, விளிம்பை நெருப்பில் காட்டி மழுங்கவைத்து, மகளின் வாயில் மாட்டியபோது ‘டக்’ என்று உட்கார்ந்தது. பேசலாம், கத்தலாம், தண்ணீர் குடிக்கலாம், விழாது. மைதானத்தின் டப்பாவில் கிடப்பவை சுடுதண்ணீரில் போட்டு யாரோ ஒருத்தி என்றைக்கோ கடித்து அச்சுப் பதித்தவை. யார் வாயிலும் உட்காராமல், எல்லார் வாயிலும் தொங்குபவை.

"யாருக்கு இது?" கதவருகே டாக்டரம்மா டிபன் டப்பாவோடு நின்றிருந்தார்.

நர்ஸம்மா எழுந்துவிட்டாள். "பொண்ணுக்கு டாக்டர். ஹாக்கி ஆடுறா. ஷீட்டுக்குச் சம்பளத்துல பிடிச்சுக்கங்க."

"அட, அதுக்குச் சொல்லலம்மா. நல்லா வந்திருக்கு." டாக்டரம்மா வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "டீம்ல எத்தனை பேரு? மத்த புள்ளைங்க என்ன போட்டுக்குறாங்க? ஒரு நாள் எல்லாரையும் கூட்டிட்டு வாயேன். ரெண்டு பேரும் உக்காந்து எல்லாருக்கும் அச்சு எடுத்துடுவோம். நான் காசு வாங்கப் போறதில்ல."

அந்த ஒரு கணத்தில் நர்ஸம்மாவின் கண்முன் வந்தது கோச்சின் முகம் அல்ல. பதினாலு வாய்கள் வரிசையாக வந்தன. காவிக் கோடும், சொத்தையும், சூயிங்கமும், அந்த நூல் போன்ற எச்சிலும். ஒவ்வொன்றிலும் தட்டை வைத்து அழுத்தி, ஓங்கரிப்பதை ஏந்தி, துடைத்து...

"அவங்களுக்கெல்லாம் இருக்கு டாக்டர்," என்றாள்.

பொய் என்று கூடச் சொல்ல முடியாது, இருக்கத்தான் செய்கிறது, டப்பாவில். அப்படித்தான் தன்னைச் சமாதானம் செய்துகொண்டாள். மகளிடம் புதிய சோப்புப் பெட்டியில் கார்டை வைத்துக் கொடுத்து, "இது உனக்கு மட்டும். அந்த டப்பாகிட்டயே கொண்டு போகாதே, தெரியுதா?" என்றாள். எதற்காக உனக்கு மட்டும் என்று விளக்கவில்லை. சுத்தத்தைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று மகள் நினைத்துக்கொண்டாள். அம்மா வேறு எதைப் பற்றிப் பேசியிருக்கிறாள்?

சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு மேட்ச்சுக்குப் போனாள். ஆள் எடுக்க வந்த இரண்டு பேரும் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வேர்க்கடலை தின்று தோலைக் காலடியில் துப்பிக்கொண்டிருந்தார்கள். அதையும் சகித்துக்கொண்டு கம்பிவேலி ஓரமாக நின்றாள். மகள் நன்றாகத்தான் ஆடினாள். அவளும் குருவியும்தான் பந்தை முன்னே கொண்டுபோகிறவர்கள். குருவி என்பது டீம் வைத்த பெயர். ஒடிசலான பெண், எங்கே இருந்தாள் எங்கே போனாள் என்று தெரியாத வேகம். அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள், சனிக்கிழமை வேலை ஜாஸ்தி, மேட்ச்சுக்கெல்லாம் வந்ததில்லை. கோல் ஒன்று விழுந்ததும் குருவி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வேலிப் பக்கமாக ஓடிவந்து வாய் நிறையச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஊதா நிறம் தெரிந்தது.

நர்ஸம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் கூசிற்று. மகளைத் தேடினாள். மகள் நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தாள், வாயில் கறுப்பாக ஏதோ ஒன்று. டப்பாவிலிருந்து எடுத்தது. அடிப்பாவி! உறை போட்டுக்கூடத் தொடாமல், நெருப்பில் காட்டி, விரல் சுட்டு, யாருக்காகச் செய்தது அது? எவள் வாய்க்குள்ளேயோ கிடக்கிறதே! இனி அதைக் கொதிக்க வைக்கவும் முடியாது, உருகிவிடும். தூக்கித்தான் போட வேண்டும். சத்தியமாக அந்த நேரத்தில் அவள் நினைத்தது இவ்வளவுதான். குருவி ஒவ்வொரு தடவை வாயைத் திறக்கும்போதும் ஊதா கார்டு கீழே நழுவுவதையும், அவள் நாக்கால் அதை மேலே தள்ளித் தள்ளிக் கடித்துக்கொள்வதையும் பார்த்துக்கொண்டேதான் நின்றாள். ஒருத்தியின் பல்லுக்கு அளவெடுத்தது இன்னொருத்தியின் பல்லில் நிற்காது. பன்னிரண்டு வருஷமாக இதே வேலை செய்கிறவளுக்கு அது தெரியாதா? தெரியும். அசிங்கம் கண்ணை மறைத்துவிட்டது.

"பாஸ்! பாஸ்! இங்க!" குருவி வாய் திறந்து கத்தினாள். கார்டு நழுவி விழுந்தது. எதிர் டீம்காரி ஓங்கி அடித்த பந்து எழும்பி வந்தது. கல்லில் கல் விழுந்த சத்தம் வேலி வரை கேட்டது.

நர்ஸம்மா ஓடிச் சேர்ந்தபோது குருவி முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள். கைக்குள் ரத்தம் கொழகொழவென்று. உதடு கிழிந்து தொங்கிற்று. முன்பல் இருந்த இடத்தில் ஒரு சிவந்த குழி. சுற்றி நின்ற பிள்ளைகள் அழுதார்கள், ஒருத்தி வாந்தி எடுத்தாள். மகள் குருவியின் தோளைக் கட்டிக்கொண்டு "ஐயோ, ஐயோ" என்று அரற்றினாள். "பல்லு எங்க? பல்லைத் தேடுங்கடி!" என்று கத்திக்கொண்டே நர்ஸம்மா கைப்பையிலிருந்து உறையை எடுத்து மாட்டிக்கொண்டு புல்லில் தவழ்ந்தாள். முதலில் ஊதா கார்டு கிடைத்தது. நாலு அடி தள்ளி கோச்சின் குரல். "இங்க இருக்கும்மா!" பல்லை எடுத்து, பழக்கதோஷம், தொடையில் தேய்க்கப் போனார்.

"தேய்க்காதீங்க!" கையில் ஒரு தட்டு தட்டினாள். "வேரைத் தொடாதீங்க, மேல் பக்கமா மட்டும் பிடிங்க! உசுரோட இருக்குய்யா அது!"

முழுப் பல். வேர் உடையாமல் நீளமாக வந்திருந்தது. அரைமணி நேரத்துக்குள் குழிக்குள் போனால் ஒட்டிக்கொள்ளும். காய்ந்துவிட்டால் போயிற்று, பதினாலு வயதில் பொக்கை. குடிதண்ணீரில் ஒரு நொடி காட்டி மண்ணைப் போக்கி அங்கேயே குழிக்குள் வைக்கப் பார்த்தாள். குருவி அலறிக்கொண்டு வாயை இறுக்கிக்கொண்டாள், உதடு கிழிந்த பிள்ளையை எப்படி அடக்குவது? "பால் வேணும், யாராவது பால் வாங்கிட்டு வாங்க!" ஒருத்தி கடைக்கு ஓடிப்போய் மூச்சிரைக்கத் திரும்பினாள். கடையில் சோடாவும் அதே ஆரஞ்சுத் தண்ணீரும்தான். குருவியின் எச்சிலிலேயே வைக்கலாம் என்றால் அவள் துப்புவதெல்லாம் ரத்தமும் ஆரஞ்சும். கன்னத்துக்குள் ஒதுக்கி வைக்கச் சொல்லலாம் என்றால் அழுகிற அழுகையில் விழுங்கிவிடுவாள். வெறும் தண்ணீரில் ஊறவிட்டால் வேர் செத்துவிடும். கிளினிக்குக்கு வேனில் இருபது நிமிஷம். கையில் பல் காய்ந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் கோச் ஓடிவந்து நீட்டினார். மூடி திறந்த டப்பா.

"இதுல போட்டு எடுத்துட்டுப் போயிடலாமா நர்ஸம்மா? மருந்துத் தண்ணிதானே..."

ஆடை படிந்த இளஞ்சிவப்புத் தண்ணீர் அவர் ஓடிவந்த வேகத்தில் தளும்பிற்று. பாவம், அவருக்கும் முகம் வெளுத்திருந்தது, கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. நர்ஸம்மா டப்பாவைப் பார்த்தாள். இரண்டு விரலுக்கு நடுவில் இருந்த பல்லைப் பார்த்தாள். வேரில் சிவப்பாக மெல்லிய சதைத் துணுக்கு ஒட்டியிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறந்து, அந்தப் பல்லை உள்ளே போட்டு, வலது கன்னத்துக்கும் கடைவாய்க்கும் நடுவில் ஒதுக்கிக்கொண்டாள்.

பிள்ளைகள் எல்லோரும் அழுகையை நிறுத்திவிட்டார்கள்.

வேனில் ஏறும்போதே மகள் அம்மாவின் போனில் டாக்டரம்மாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டாள். கோச் முன்னே உட்கார்ந்து ஓட்டினார். பின்சீட்டில் நர்ஸம்மா நடுவில், ஒரு பக்கம் வாயில் துண்டை அழுத்திக்கொண்டு குருவி, இன்னொரு பக்கம் மகள். இரும்பு ருசி. புல்லின் ருசி. அடியில் அந்த ஆரஞ்சின் இனிப்பு. குமட்டவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். ஒவ்வொரு குழியிலும் வேன் ஏறி இறங்கும்போது வயிறு கிளம்பித் தொண்டைக்கு வந்தது. வாந்தி எடுத்தால் பல் போயிற்று. அவள் மூக்கால் மூச்சு விட்டாள், ஒன்று, இரண்டு, மூன்று என்று. மகளுக்கு அச்சு எடுக்கும்போது சொன்னது அவளுக்கே ஞாபகம் வந்தது. ஊறுகிற எச்சிலை விழுங்கவும் பயம், துப்பவும் பயம். நாக்கு நுனி அவளைக் கேட்காமலேயே போய் அந்த வேரின் முனையைத் தொட்டுத் தொட்டுத் திரும்பிற்று.

"அம்மா." மகள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். "நான்தாம்மா கொடுத்தேன் அவளுக்கு."

நர்ஸம்மா திரும்பினாள்.

"அவளுக்கு டப்பாவைப் பாத்தாலே வாந்தி வரும்மா. உனக்கு வர்ற மாதிரியே. தினம் போட்டுக்கிட்டு அந்தப் பக்கமா போய் வாந்தி எடுத்துட்டு வந்துதான் ஆடுவா. யார்கிட்டயும் சொல்லமாட்டா. சார் கார்டு இல்லாம உள்ள விடமாட்டாரு. அதான்... புதுசுதானே, யாரும் போடாததுதானேன்னு... எனக்கு அந்த டப்பா பழகிடுச்சும்மா." மகள் குருவியை எட்டிப் பார்த்தாள். "நல்லதுதானே பண்ணேன்? அது அவளுக்கு நிக்காதுன்னு எனக்குத் தெரியாதேம்மா. நீ சொல்லவேயில்லையே."

எத்தனை பேச்சு பேசுகிறவள்! ஒரு டம்ளருக்கு ஒரு மணி நேரம் கத்துகிறவள். சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. தப்பு உன்னுடையது இல்லையடி என்று சொல்ல வேண்டும். எல்லாரையும் கூட்டிட்டு வா என்றார் டாக்டரம்மா, நான்தான் வேண்டாம் என்றேன், உங்கள் வாயையெல்லாம் தொட எனக்கு அருவருப்பாக இருந்தது என்று சொல்ல வேண்டும். அந்த அருவருப்பை நினைக்கையில் இப்போது வாயிலிருப்பதை விட அதுதான் அதிகம் குமட்டிற்று. சொல்ல முடியவில்லை. வாயைத் திறந்தால் பல் விழுந்துவிடும்.

கைப்பையில் போன் அடித்தது. டாக்டரம்மா. மகள் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்க வந்துட்டிருக்கீங்க? நாற்காலி தயாரா இருக்கு. விழுந்து எத்தனை நிமிஷம் ஆச்சு? அம்மாகிட்ட குடு போனை."

"இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கும் டாக்டர். அம்மாவால பேச முடியாது."

"ஏன், என்னாச்சு? சரி, பல்லை எதுல வச்சிருக்கீங்க? பால்லயா?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். முன்சீட்டில் கோச் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுச் சட்டென்று பார்வையைத் தெருவுக்குத் திருப்பிக்கொண்டார்.

"அம்மா வாயில."

"வாங்க, சீக்கிரம் வாங்க," என்றார் டாக்டரம்மா.

சிவப்பு விளக்கில் வேன் நின்றது. இன்னும் இரண்டு தெருதான். குருவி வாயிலிருந்த துண்டைக் கொஞ்சம் இறக்கினாள். வீங்கிய உதட்டுக்கு மேலே அவள் கண்கள் நர்ஸம்மாவின் வலது கன்னத்தில், அந்தச் சின்ன மேட்டில் நின்றன. ரத்தம் காய்ந்து கறுத்த ஒரு விரலை நீட்டி அந்த இடத்தை மெல்லத் தொட்டுப் பார்த்தாள். நர்ஸம்மா முகத்தைத் திருப்பவில்லை. வாயைத் திறக்காமல், பத்திரமாக இருக்கிறது என்பதுபோலத் தலையை மட்டும் ஆட்டினாள்.